பன்னிரண்டாயிரம் கப்பல்

லிஸ்பனிலிருந்து ஆர்டர்.
ஏதோ அருங்காட்சியகக் கடையில் விற்பதற்காம்.
பன்னிரண்டாயிரம் பனியன்,
நெஞ்சில் ஒரு பழங்காலக் கப்பல்,
பாயில் சிவப்புச் சிலுவை, அடியில் மூன்றே மூன்று அலை.
பீஸுக்கு ஆறு முப்பதில் தொடங்கி
ஐந்தே முக்காலுக்கு இறங்கிவந்தார் முதலாளி.
பணம் நூற்றிருபது நாள் கழித்து.

கடலை வாளியில் கலக்கினோம்.
நீலம் தூக்கலாக இருந்ததால்
இரண்டு கரண்டி வெள்ளை.

அனுப்பர்பாளையம் தாண்டித் தகரக் கூரை.
மேற்கே போனாலும் கிழக்கே போனாலும்
கரையைப் பார்க்க ஒரு பகல் வீணாகும்.
எங்கள் ஷெட்டில் கடலோரம் பிறந்தவன் ஒருத்தன்தான்:
தீனபந்து, கஞ்சாம் பக்கத்து மீன்காரர் மகன்.
முதல் பனியன் காயும்போதே சொன்னான்,
"மேஸ்திரி, தப்பு."
பாய் வலப்பக்கம் உப்பியிருக்கு,
கொடி இடப்பக்கம் பறக்குது,
ஒரே கப்பலுக்கு ரெண்டு காத்தா?

முதலாளி மெயில் போட்டார்.
பதில் ஒரே வரி:
ஒப்புதல் ஆன படம், மாற்ற வேண்டாம்.

சரிங்க.
கட்டையை இழுத்தோம், மை இறங்கியது,
ஒவ்வொரு நெஞ்சிலும் அதே காற்று,
அதே எதிர்க்காற்று.

ஏழாம் நாள் சோதனைக்கு வந்த அம்மையார் பெயர் லூர்தெஸ்.
கழுத்தில் அளவு நாடா, கையில் நிற அட்டை.
புழுக்கம் தாங்காமல் முகம் சிவந்திருந்தது.
"ஜன்னலத் தொற அம்முணி" என்று
பழனாத்தாளிடம் சத்தம் போட்டேன்.
அவள் எழுவதற்குள்
இவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.
வெக்கையில் இருப்பவர், பார்க்கத்தான் செய்வார்.
அலமாரிச் சாவி எங்கே என்றேன்.
இம்முறை என் வாயைப் பார்த்தார்,
தன் வீட்டுப் பாத்திரத்தை
முன்பின் அறியாத வீட்டு அடுப்பில் கண்டவர் மாதிரி.
பிறகு மேஜையைத் தட்டி ஏதோ சொன்னார்.
மேஜை என்றுதான் சொன்னார்,
கொஞ்சம் வழுக்கிக்கொண்டு.
யாரோ "மேஸ்திரி" என்று என்னைக் கூப்பிட
சிரித்தேவிட்டார்.

என் பெயர் ராக்கியப்பன்.
இருபத்தாறு வருஷமாக
அந்தப் பெயரில் என்னை யாரும் கூப்பிட்டதில்லை.
அன்றைக்குத்தான் தெரிந்தது
கூப்பிட்ட பெயர் எந்த ஊர்ப் பெயரென்று.

எங்கள் மண்ணில் ஒரு கப்பலும் நங்கூரம் போட்டதில்லை.
இந்தச் சாவி எப்படி வந்திருக்கும்?
பாலக்காட்டுக் கணவாயில்,
பொதிமாட்டின் முதுகில்,
உப்பு மூட்டைக்கும் கொப்பரைக்கும் நடுவே
யாரும் சுங்கம் கேட்காமல் வந்திருக்குமா?
அப்படியானால் பூட்டு எங்கே இருக்கிறது?

மத்தியானம் தூக்குப்போசியைத் திறந்தேன்.
பழைய சோறு, நடுவில் ஒரு பச்சை மிளகாய்.
மிளகைத் தேடி வந்தவன்
இதை இறக்கிவிட்டுப் போனான்.
நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை,
மிளகின் பெயரையே எடுத்து இதற்கு வைத்துவிட்டு
மிளகை ரசத்தோடு நிறுத்திக்கொண்டோம்.
அந்த அம்மையாரிடம் சொல்ல நினைத்தேன்.
எனக்குத் தெரிந்த அவர் பாஷை
நாலு சாமான், ஒரு வேலை. அதற்குள் அடங்கவில்லை.

முந்நூற்று நாற்பது பீஸ் தள்ளுபடி.
சிலுவையின் சிவப்பு பாயில் கசிந்துவிட்டதாம்.
கசிந்ததை விரலால் காட்டினார், ஒப்புக்கொண்டேன்.
கொடியை யாரும் காட்டவில்லை.

வாளி கழுவிய தண்ணீர்
சாக்கடையில் நீலமாகப் போனது.
தள்ளுபடி எல்லாம் காதர்பேட்டைக்குக் கிலோக் கணக்கில்.
நூற்றிருபதாம் நாள் நேற்று.
பணம் வந்தபாடில்லை, கப்பல் தாமதமாம்.

தீனபந்து ஊருக்குப் போகிறான்.
வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன்.
தள்ளுபடியில் ஒன்றைப் போட்டிருந்தான்.
கிட்டே வந்ததும் கவனித்தேன்:
பழைய கொடியைப் பிளேடால் சுரண்டிவிட்டு
பேனாவால் வலப்பக்கம் ஒன்று வரைந்திருந்தான்.
முன்பதிவில்லாத பெட்டி, உட்கார இடமில்லை.
கதவோரம் கம்பியைப் பிடித்து நின்றான்.
வண்டி நகர்ந்ததும்
பனியன் முன்பக்கம் லேசாக உப்பியது.